கரையான் புற்றைப் பார்த்துக் கட்டினால் ஏசி தேவையில்லையா?

"கரையான் புற்றைப் பார்த்துக் கட்டிய ஓர் ஆப்பிரிக்கக் கட்டடத்துக்கு ஏசியே கிடையாது என்று படித்தேன். இனி வரும் கட்டடங்கள் எல்லாம் இப்படி இயற்கையைப் பின்பற்றித்தான் இருக்குமா, அல்லது இது வெறும் விளம்பரமா? என் இறுதியாண்டுத் திட்டமாகப் புற்று வடிவில் ஒரு நூலகம் வரையலாம் என்று இருக்கிறேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அதற்கு அடியில் வேறொன்று இருப்பதாகப் படுகிறது. ஓர் உயிரினம் தன் பிழைப்புக்காகக் கண்டுகொண்ட வழியை மனிதன் தன் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டால் அது மெய்யாகவே வேலை செய்யுமா, செய்தால் எதனால் செய்கிறது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் விஷயம் எது, விளம்பரம் எது என்பதை நீங்களே பிரித்துவிடுவீர்கள். கரையான் எடுத்த புற்றில் பாம்பு குடிபுகுந்த கதையாக, இந்தத் துறையில் விளம்பரம் ஏராளமாகக் குடிபுகுந்திருப்பது உண்மைதான்.

கட்டடங்களுக்குள் வெப்பமும் காற்றும் எப்படி நடமாடுகின்றன என்று கணக்கிடுவது 22 ஆண்டுகளாக என் தொழில். உயிரியலை முறையாகப் படித்தவன் அல்லன். ஆகவே புற்றுக்குள் நடப்பதை, அதை அளந்தவர்களின் சொல்லை நம்பித்தான் எழுதுகிறேன். சுவருக்குள் நடப்பதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் படித்தது ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையம். வடிவமைத்தவர் மிக் பியர்ஸ். பொறியியல் கணக்குகளைப் போட்டது அரூப் நிறுவனம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள், நடுவில் கூரையிட்ட நீண்ட முற்றம், உச்சியில் வரிசையாகச் செங்கல் புகைபோக்கிகள். வழக்கமான குளிர்சாதன இயந்திரம் அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் மின்விசிறிகள் உண்டு. இதைத்தான் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இரவில் அந்த விசிறிகள் வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை இழுத்து, தளங்களுக்கு அடியிலுள்ள கான்கிரீட் இடைவெளிகள் வழியாக வேகமாகச் செலுத்துகின்றன. கான்கிரீட் இரவெல்லாம் ஆறுகிறது. பகலில் அதே வழியாகக் காற்று மெதுவாக வருகிறது, வரும் வழியில் கான்கிரீட்டிடம் வெப்பத்தை இறக்கிவைத்துவிட்டு அறைக்குள் நுழைகிறது, சூடானதும் மேலேறிப் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. ஜன்னல்கள் சிறியவை, நேர்வெயில் படாமல் நிழலில் ஒடுங்கியவை. இந்தக் கட்டடத்தைப் பற்றி 90 சதவீதம் மிச்சம் என்று ஓர் எண்ணும் 35 சதவீதம் மிச்சம் என்று ஓர் எண்ணும் உலவுகின்றன. முன்னது காற்றோட்டத்துக்கும் குளிரூட்டலுக்கும் ஆகும் மின்சாரத்தை மட்டும் பேசுகிறது. பின்னது எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவை அதே நகரின் குளிர்சாதனக் கட்டடங்களோடு ஒப்பிடுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிதான் கதை சுவையாகிறது. பியர்ஸ் வடிவமைத்த காலத்தில் புற்றைப் பற்றிப் பரவலாக நம்பப்பட்டது, 1961-இல் மார்ட்டின் லூஷர் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் முன்வைத்த விளக்கம். கரையான்களும் அவை வளர்க்கும் பூஞ்சையும் விடும் மூச்சால் கூட்டின் காற்று சூடாகி மேலேறுகிறது, புற்றின் ஓரக் குழாய்களில் குளிர்ந்து கீழிறங்குகிறது, இந்தச் சுழற்சியால் கூட்டின் வெப்பநிலை மாறாமல் இருக்கிறது என்பது அதன் சாரம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் நமீபியப் புற்றுகளை ஆராய்ந்து 2008-இல் எழுதிய கட்டுரை இதைக் கவிழ்த்துவிட்டது. அவர்கள் அளந்த கூடுகளின் வெப்பநிலை சுற்றியுள்ள ஆழ்மண்ணோடு சேர்ந்து ஆண்டு முழுவதும் ஏறி இறங்கியது. குளிர்காலத்தில் 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது கோடையில் 30-ஐத் தாண்டியது. மேலே எழும்பி நிற்கும் மண்கோபுரம் நுரையீரலைப் போல வேலை செய்கிறது, அடித்து ஓயும் காற்றின் அலைகளைக் கொண்டு உள்ளிருக்கும் கெட்ட காற்றை மாற்றிக்கொள்கிறது என்பது அவர்களின் முடிவு. அதோடும் நிற்கவில்லை. 2015-இல் ஹன்டர் கிங், சாமுவேல் ஒக்கோ, எல். மகாதேவன் ஆகியோர் இந்தியாவில் வாழும் இன்னோர் இனக் கரையானின் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை நேரடியாக அளந்தார்கள். பகலில் புற்றின் மெல்லிய வெளிமடிப்புகள் விரைவில் சூடாகி அங்கே காற்று மேலேறுகிறது, நடுக்குழாயில் கீழிறங்குகிறது. இரவில் திசை அப்படியே மாறிவிடுகிறது. அந்தப் புற்றை இயக்குவது பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. ஆக, "கரையான் புற்று எப்படி வேலை செய்கிறது" என்ற கேள்விக்கு எல்லா இனத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

அப்படியானால் தவறான உயிரியலை நம்பிக் கட்டிய கட்டடம் எப்படிச் சரியாக இயங்குகிறது? கட்டடத்துக்குப் புற்றைப் பற்றி எதுவும் தெரியாது. அது இயற்பியலுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை ஒரு டிகிரி சூடேற்ற ஆகும் வெப்பம், ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஆவதைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு. அதனால்தான் இரவில் ஆறிய கான்கிரீட் பகல் முழுவதும் காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்க முடிகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் வெப்பம் அதற்குள் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம்வரைதான் பயன்படும் அளவில் போய்த் திரும்புகிறது. அதற்குமேல் எவ்வளவு தடிமனாகக் கட்டினாலும் அன்றாட வெப்பத்துக்குப் பெரிய பயனில்லை. காற்று தொடும் பரப்பைக் கூட்டினால் பயனுண்டு. ஈஸ்ட்கேட்டின் காற்றுவழிகளில் கான்கிரீட் பற்கள் துருத்திக்கொண்டிருப்பது இதற்காகத்தான். இன்னொன்று, ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் எவ்வளவு காய்ந்தாலும் இரவு இறங்கிவிடும். இரவிலும் 27 டிகிரிக்குக் குறையாத ஓர் ஈரக் கடற்கரையில் அதே கட்டடத்தை எழுப்பினால், கான்கிரீட்டை ஆற்றுவதற்குக் குளிர்ந்த காற்றை எங்கே தேடுவது? அங்கே ஈரப்பதம் இன்னும் பெரிய தொல்லை. கான்கிரீட் காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், நீராவியை வாங்கிக்கொள்ளாது. அந்த இடங்களில் நிழலும் குறுக்குக் காற்றோட்டமும் தலைக்குமேல் சுழலும் விசிறியும்தான் முதலில் வர வேண்டியவை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் உடம்பில் படும் காற்று, வெப்பம் 2 முதல் 3 டிகிரி குறைந்தது போன்ற உணர்வைத் தரும். மிச்சத்துக்குச் சிறிய ஏசி ஒன்று இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஓர் அலுவலகக் கட்டடத்துக்கு இதே இரவுக் காற்றோட்ட முறையை அமைத்துக் கொடுத்தோம். முதல் கோடை நன்றாகவே போயிற்று. உச்சி வெயிலில் உள்ளே வெளியைவிட 5 டிகிரி குறைவு. இரண்டாம் ஆண்டு "உங்கள் முறை வேலை செய்யவில்லை" என்று கடிதம் வந்தது. போய்ப் பார்த்தால், கான்கிரீட் மேல்தளம் கண்ணுக்கு அழகாக இல்லை என்று அதன் அடியில் முழுவதும் ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள். வெப்பத்தை வாங்க வேண்டிய பரப்பு ஜிப்சம் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. போதாததற்கு, பூச்சி வருகிறது என்று இரவுக் காவலர் காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடிவைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பூச்சி வலை போடாமல் விட்டது நாங்கள். புற்றில் கரையான்கள் நாள்தோறும் துளையை அடைத்தும் திறந்தும் பழுதுபார்த்தும் வாழ்கின்றன. அந்தப் பராமரிப்பு இல்லாமல் புற்று வெறும் மண்மேடு. கட்டடத்துக்கு அந்தக் கரையான்கள் யார் என்று வடிவமைக்கும்போதே நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்ட கட்டடங்களை இதிலிருந்து தனியாக வையுங்கள். பெய்ஜிங்கின் 2008 ஒலிம்பிக் அரங்கைப் "பறவைக் கூடு" என்கிறார்கள். கூடு என்பது ஒரு பறவை தன் அலகால் தூக்கக்கூடிய சுள்ளிகளைக் கொண்டு, கிடைத்ததை வைத்துப் பின்னி முடிப்பது. அரங்கின் அந்தப் பின்னலுக்குச் சுமார் 42,000 டன் எஃகு ஆயிற்று. கூட்டின் சாயல் வந்துவிட்டது, சிக்கனம் வரவில்லை. பார்க்கக் கம்பீரமான கட்டடம்தான். அதைப் பசுமைக் கட்டடக்கலைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் காட்டும்போதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மிலான் நகரில் 2014-இல் முடிந்த போஸ்கோ வெர்டிகாலே இரட்டைக் கோபுரங்களின் நிலை வேறு. மாடங்களில் நூற்றுக்கணக்கான மரங்கள் உண்மையாகவே வளர்கின்றன. நிழல் தருகின்றன, தூசியைப் பிடிக்கின்றன, பறவைகள் வருகின்றன. ஆனால் மரத்தையும் ஈரமண்ணையும் தாங்க மாடங்களில் கூடுதல் கான்கிரீட்டும் கம்பியும் போட வேண்டியிருந்தது. கிளைகளைக் கத்தரிக்கக் கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் இறங்குகிறார்கள். நல்ல தோட்டம் என்று பாராட்டுவேன். அந்த மரங்கள் அத்தனை கான்கிரீட்டின் கார்பனையும் ஈடுகட்டிவிடும் என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுவேன்.

கட்டி முடித்த பிறகு ஒட்டப்பட்ட கதைகளும் உண்டு. ஈபிள் கோபுரம் மனிதத் தொடையெலும்பைப் பார்த்துக் கட்டப்பட்டது என்பது அவற்றில் பெயர்போனது. எலும்பின் உள்வலையும், சுமை பொருளுக்குள் பயணிக்கும் வழிகளான விசைக்கோடுகளும் ஒத்திருப்பதைக் கார்ல் குல்மான் என்ற பொறியாளர் 1860-களில் கவனித்தது உண்மை. கோபுரத்தின் முதல் வரைவைப் போட்ட மொரிஸ் கோக்லின் அவரிடம் படித்தவர் என்பதும் உண்மை. ஆனால் கோபுரத்தின் வளைவை முடிவு செய்தது காற்றின் விசை பற்றிய கணக்கு. 1851-இல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மண்டபத்துக்கு ராட்சத அல்லி இலையே முன்மாதிரி என்பதையும் பாதிதான் ஏற்பேன். அதை வடிவமைத்த தோட்டக்கலைஞர் ஜோசப் பாக்ஸ்டன் அந்த இலையைக் காட்டித் தன் கட்டமைப்பை விளக்கியது மெய். என்றாலும் மடிப்பு மடிப்பான கண்ணாடிக் கூரையை, அல்லி அவரிடம் பூப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கட்டியிருந்தார். நமீப் பாலைவன வண்டு தன் முதுகிலுள்ள மேடுகளால் மூடுபனியிலிருந்து நீர் சேர்க்கிறது என்ற 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இதே சிக்கல். மூடுபனியில் தலைகீழாக நின்று நீர் குடிப்பது அதன் உறவினமே என்றும், அதன் முதுகு வழுவழுப்பானது என்றும் பின்னர் தெரிந்தது. அந்தக் கட்டுரையைப் பின்பற்றிச் செய்த மேடுபள்ளமான செயற்கைப் பரப்புகளோ ஆய்வகத்தில் நீரைச் சேர்க்கத்தான் செய்கின்றன. ஈஸ்ட்கேட் கதையேதான்.

உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்றால், தயங்காமல் கட்டமைப்பைச் சொல்வேன். உயிரினத்துக்கு உடம்பைக் கட்டும் பொருள் எளிதில் கிடைப்பதில்லை. தின்று செரித்துச் சேர்க்க வேண்டும். ஆகவே அது பொருளைக் குறைத்து வடிவத்தில் சாமர்த்தியம் காட்டுகிறது. நமக்குச் சிமெண்டும் எஃகும் கூலியைவிட மலிவாகக் கிடைத்ததால் தட்டையான, தடித்த தளங்களாக ஊற்றித் தள்ளுகிறோம். ஜூலியன் வின்சென்டும் அவருடைய சகாக்களும் 2006-இல் செய்த ஓர் ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மீட்டருக்கு உட்பட்ட அளவில் ஒரு சிக்கல் வந்தால், மனிதத் தொழில்நுட்பம் சுமார் 70 சதவீதம் ஆற்றலைக் கூட்டியோ மாற்றியோ அதைத் தீர்க்கிறது. உயிரினங்கள் அந்த வழியைக் கையாள்வது 5 சதவீதம் அளவே. மிச்சத்தை அமைப்பும் தகவலும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு பெரிய இலையைப் பறித்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நரம்புகள் எங்கே தடிக்கின்றன, எங்கே மெலிகின்றன என்பது விசை போகும் வழிதான். இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி 1950-களின் தொடக்கத்தில் ரோம் நகரத்து ஆலை ஒன்றின் தளங்களுக்கு அடியில் விசைக்கோடுகளின் வழியே வளைந்த விலா உத்தரங்களை வார்த்தார். அண்ணாந்து பார்த்தால் இலையின் அடிப்பக்கம் போலவே இருக்கும். தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இழுவிசை எல்லாம் அமுக்குவிசையாகிச் சரியான வளைவு கிடைக்கும் என்று ராபர்ட் ஹூக் 1675-இலேயே எழுதிவைத்தார். ஸ்பெயினின் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி கயிறுகளில் சிறு எடைப்பைகளைத் தொங்கவிட்டு ஒரு தேவாலயத்தின் வளைவுகளைக் கண்டுபிடித்ததும், ஜெர்மனியின் ஃபிரை ஓட்டோ சோப்புப் படலத்தைச் சட்டங்களில் விரித்துப் பார்த்து இழுவிசைக் கூரைகளை வடிவமைத்ததும் இந்த மரபுதான். 2021-இல் சுவிட்சர்லாந்தில் திறக்கப்பட்ட ஹைலோ என்ற சோதனைக் கட்டடத்தில் பிலிப் பிளாக் குழுவினர் மெல்லிய வளைவுத் தளங்களை அமைத்தார்கள். வழக்கமான தட்டைத் தளத்தைவிடக் கான்கிரீட் 70 சதவீதமும் எஃகு 90 சதவீதமும் குறைவு. இப்படிப்பட்ட தளத்துக்கு அச்சு செய்வதுதான் கடினம். எந்திரங்களும் கணினியும் அந்தக் கூலியைக் குறைத்துவருவதால் இது பரவும் என்று நம்புகிறேன். எத்தனை ஆண்டில் என்று கேட்டால் மழுப்புவேன், ஏனென்றால் கட்டட விதிகளும் காப்பீட்டுக்காரர்களும் பொறியாளர்களைவிட மெதுவாக நகர்கிறார்கள்.

பொருள்களைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் பரபரப்புச் செய்திகள் அதிகம் வருவது இங்கேதான். சிமெண்டின் மூலப்பொருளான சுண்ணாம்புக்கல்லில், தூயது 100 கிலோவைச் சூளையில் நீற்றினால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். இது எரிபொருளின் புகை சேராத கணக்கு. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும். சிமெண்ட் சூளை 1,450 டிகிரி வரை சூடாகிறது. நத்தையும் சிப்பியும் அதே கால்சியத்தைக் கொண்டு, சூளையே இல்லாமல், கடல்நீரின் வெப்பநிலையில் ஓடு கட்டுகின்றன. இதைப் பார்த்து ஆசைப்படாத பொறியாளர் இல்லை. பாக்டீரியாக்களைக் கொண்டு மணலைக் கல்லாக இறுக்கும் முறை இன்று வேலை செய்கிறது. தரை ஓடுகள் செய்து விற்கிறார்கள். ஆனால் பரவலாக உள்ள வழியில் யூரியாவைச் சிதைப்பதால் அமோனியா கழிவாக வருகிறது, அதற்கு வழி செய்தாக வேண்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோன்கர்ஸ் உருவாக்கிய கான்கிரீட்டில் உறங்கும் பாக்டீரியாக்களும் அவற்றுக்கு உணவும் கலந்திருக்கும். விரிசலில் நீர் புகுந்ததும் அவை விழித்துச் சுண்ணாம்பைச் சுரந்து, 0.8 மில்லிமீட்டர் அகலம்வரை அடைத்துவிடும். "தானே ஆறும் கான்கிரீட்" என்ற பெயரைக் கேட்டு உடைந்த உத்தரம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். அது நீர்க்கசிவை அடைத்துக் கம்பி துருப்பிடிக்காமல் காக்கிறது, அவ்வளவே. பூஞ்சை இழைகளால் வளர்த்த செங்கற்கள் 2014-இல் நியூயார்க்கில் 12 மீட்டர் உயரக் கோபுரமாகவே நின்றன. சுமார் 10,000 கற்கள், சோளத்தட்டையை இரையாக்கி வளர்த்தவை. கோடை முடிந்ததும் மக்கவைத்துவிட்டார்கள். அந்தக் கல்லின் அமுக்க வலிமை சாதாரணக் கான்கிரீட்டின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பத்தடுப்புப் பலகை, ஒலி விழுங்கும் பலகை என்றால் அருமையான பொருள், தூணுக்கு ஆகாது. ஹாம்பர்க்கில் 2013-இல் கட்டிய ஒரு குடியிருப்பின் முகப்பில் 129 கண்ணாடித் தொட்டிகளில் பாசி வளர்கிறது. இயங்குகிறது, ஆனால் அத்தனை குழாயும் பம்பும் பார்த்துக்கொள்ளும் ஆளும் வேண்டும் என்பதால் நான் யாருக்கும் பரிந்துரைத்ததில்லை. உயிரோடு வளரும் கட்டுமானத்துக்கு என் மனத்தில் முதலிடம் மேகாலயாவின் வேர்ப்பாலங்களுக்கு. ரப்பர் அத்தியின் விழுதுகளை ஆற்றின் குறுக்கே வழிநடத்திப் பாலமாக்குகிறார்கள்; ஆண்டாக ஆண்டாக வலுக்கூடுகிறது. நடக்கும் நிலைக்கு வரவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். கடன் வாங்கிக் கட்டும் எவருக்கும் அந்தப் பொறுமை இராது.

இந்தக் கூட்டத்தில் சத்தமில்லாமல் முன்னேறியிருப்பது பழைய மரம்தான். பலகைகளை அடுக்கி ஒட்டிச் செய்த கனத்த மரத்தளங்களும் உத்தரங்களும் கொண்டு நார்வேயில் 2019-இல் 85.4 மீட்டர், அமெரிக்காவின் மில்வாக்கியில் 2022-இல் 86.6 மீட்டர் உயரக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. நார்வேக் கட்டடத்தின் மேல்மாடிகளில் காற்றில் ஆடாமல் இருக்க எடை வேண்டும் என்று கான்கிரீட் தளம் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெட்டிய காட்டில் மீண்டும் மரம் வளர்ந்தால்தான் இந்தக் கார்பன் கணக்கு நிற்கும். வளராவிட்டால் கான்கிரீட்டைத் திட்ட நமக்கு வாயில்லை.

மேற்பரப்புகளில் தாமரை இலையைச் சொல்லாமல் முடியாது. அந்த இலைமேல் தண்ணீர் ஒட்டாததைப் பார்க்காதவர் யார்? பான் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்: நுண்ணிய முகடுகள், அவற்றின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகுத் துகள்கள். துளி அவற்றின் நுனியில் மட்டுமே நின்று உருள்கிறது, போகும்போது தூசியை அள்ளிச் செல்கிறது. அவர் 1997-இல் இதை விளக்கிய பிறகு, 1999-இல் அதே முறையில் முகப்புப் பூச்சு விற்பனைக்கு வந்தது. பூச்சு மெய்யானதுதான். ஆனால் இலை தன் மெழுகைத் திரும்பச் சுரந்துகொள்ளும், சுவர் சுரக்காது. தேய்ந்தால் மீண்டும் பூச வேண்டும். என்னைக் கேட்டால் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பரப்புகளையே முதலில் சொல்வேன். சகாராவின் வெள்ளி எறும்பு, முக்கோண வெட்டுமுகம் கொண்ட ரோமங்களால் வெயிலைத் தெறிக்கவிட்டு, உடல் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு வீசுகிறது என்று 2015-இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஸ்டான்ஃபோர்டில் ஒரு மெல்லிய படலம், நேர்வெயிலில், மின்சாரமே இல்லாமல், சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்திருந்தது. 2021-இல் பர்டியூ பல்கலைக்கழகம் வெயிலில் 98.1 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சைக் காட்டியது. ஈரக்காற்றும் மேகமும் உள்ள இடத்தில் வானத்துக்கு வெப்பம் வீசுவது மந்தமாகும். வெயிலைத் திருப்புவது எங்கும் பலிக்கும்.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். கட்டடங்களும் கட்டுமானத்துறையும் சேர்ந்து உலகின் ஆற்றல் சார்ந்த கார்பன் வெளியீட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம். இன்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 2050-இலும் நிற்கும். அவற்றுக்கு நிழலும் வெப்பத்தடுப்பும் நல்ல ஜன்னலும் போடுவது எந்தப் பத்திரிகை அட்டையிலும் வராத வேலை, ஆனால் பெரும்பகுதி வேலை அதுதான். புதியவற்றில் இயற்கையின் ஒரு பழக்கத்தை நாம் இன்னும் தொடவே இல்லை. காட்டில் விழுந்த மரம் அடுத்த உயிருக்கு உணவு. இடித்த கட்டடம் நமக்குக் குப்பை. காரணம் பொருளில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. பசையாலும் சாந்தாலும் ஒட்டியதைப் பிரிக்க முடியாது, போல்ட்டால் முடுக்கியதைப் பிரித்து இன்னோர் இடத்தில் மாட்டலாம். இதை வலியுறுத்தினால் வாடிக்கையாளர்கள் கொட்டாவி விடுகிறார்கள், பாசி முகப்பு என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

உங்கள் நூலகத்துக்கு வருவோம். புற்று வடிவத்தை விட்டுவிடுங்கள்; புற்றின் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைத் தேர்ந்ததும் மிக வெப்பமான மாதத்தின் மணிக்கணக்கான வெப்பநிலையை எடுங்கள். இரவில் 20 டிகிரியை ஒட்டி இறங்கி, பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் இரவுக் காற்றோட்டம் பலிக்கும். இல்லையென்றால் நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும் போய்விடுங்கள். பலிக்கும் என்றால் இந்தக் கணக்கைப் போடுங்கள்: திறந்து தெரியும் கான்கிரீட் மேல்தளம், பயன்படும் ஆழம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டர் ஒரு டிகிரி ஏற 55 வாட்-மணி அளவு வெப்பம் வாங்கும். பகலில் 3 டிகிரி ஏற விட்டால் 165. பத்து மணி நேரத்துக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 16 அல்லது 17 வாட். உட்கார்ந்து படிக்கும் ஒருவர் விடும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட். ஆகவே ஒரு வாசகருக்கு 6 சதுர மீட்டர் மேல்தளம் வேண்டும், விளக்குக்கும் கணினிக்கும் தனியாக. நிழலில்லாத ஒரு சதுர மீட்டர் கண்ணாடி வழியாக நேர்வெயிலில் 500 வாட் வரை உள்ளே வரலாம். அது ஒன்றே 30 சதுர மீட்டர் மேல்தளத்தின் கொள்ளளவைத் தின்றுவிடும். அதனால் வரையும்போது ஜன்னல் நிழலில் தொடங்குங்கள், ஃபால்ஸ் சீலிங் போட முடியாதபடி விளக்கையும் குழாயையும் கான்கிரீட்டுக்கு அடியில் வெளிப்படையாகவே ஓட்டுங்கள், காற்றுத் திறப்புகளில் பூச்சி வலையைக் குறித்துவிடுங்கள்.